ஏழாவது இணைப்பு

காலை எட்டு மணிக்குப் பத்துக் கணினிகளும் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தன. ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தால் ஒன்றுகூட மற்றதைக் கண்டுகொள்ளவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி மாணிக்கவாசகம் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கமலாட்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாத்தளை நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சங்கம் நடத்திவந்த கணினி வகுப்பு அது. தொண்ணூற்றொன்பதாம் வருடம். தற்காலிகமாக இரண்டு ஆசிரியர்கள்: எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் கமலாட்சியும், அவளுடைய தாய்மாமன் மகன் நடராஜாவும். ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஆவணியில் கல்யாணம், பத்திரிகைகூட அடித்தாயிற்று. கடிதம் வந்த அன்றைக்கு நடராஜாதான் முதலில் சொன்னான். "ஒனக்குத்தான் கெடைக்கணும் கமலா. நான் கலேவெலயில ஏதாச்சும் ரிப்பேர் கடையில பாத்துக்குவேன்." இப்படியும் ஒரு ஆண்பிள்ளையா என்று அவள் பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்திருக்கிறாள். தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கான வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு மாதச் சம்பளமும் மேசையும் என்பது சும்மா வருகிற காரியமா என்ன.

இந்த மாதம் வகுப்பின் வலைப்பின்னல் முழுக்க அவள் பொறுப்பு. பத்துக் கணினிகளிலிருந்தும் மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி, மூலையில் இருக்கும் ஒரே பிரிண்டரில் அடித்துக் காட்டவேண்டும். அவ்வளவுதான் இன்றைய பரீட்சை; அதைப் பார்த்துத்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று அதிகாரி முடிவு செய்வார். அதிகாரியின் வாகனத்தைச் சந்தியில் ஆமிக்காரர்கள் நிறுத்திச் சோதித்தார்கள் என்று கேட்டு, அவரை அழைத்து வரக் கீழே போனாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் செத்துப்போயிருந்தது.

"பழைய கேபிள் சேர்," என்றான் நடராஜா பணிவாக. "அடிக்கடி இப்படித்தான். மத்தியானத்துக்குள்ள நான் பாத்துச் சரியாக்கிருவேன்."

"அப்ப இது யாருடைய பொறுப்பு?" என்று அதிகாரி கேட்டார்.

"கமலாட்சியோடது சேர்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"இப்பவே பாக்குறேன் சேர்," என்று தரையில் உட்கார்ந்தாள். கணினிகளை மூன்று விதமாகக் கோர்க்கலாம் என்று அவள்தான் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவாள். நடுவில் ஒரு பெட்டியை வைத்து எல்லாக் கம்பியையும் அதற்குக் கொண்டுவந்தால் நட்சத்திரம். ஒன்று கெட்டால் அந்த ஒன்றுதான் கெடும். ஒன்றையொன்று சுற்றிப் பிடித்தால் வளையம். இங்கே இருப்பது மலிவானது: ஒரே கேபிள், அதில் வரிசையாகப் பத்தும், லயத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் காம்பரா அறைகள் மாதிரி. இரண்டு முனையிலும் சிறிய மூடி; முனை திறந்து கிடந்தால் எதுவும் வேலை செய்யாது. நடுவில் எங்கே அறுந்தாலும் பத்தும் படுத்துவிடும், யாரால் என்று முகத்தில் எழுதியிருக்காது.

தேடுவதற்கு ஒரு வழி உண்டு. கடைசி மூடியைக் கழற்றினாள். ஐந்தாவது கணினியோடு கேபிளைப் பிரித்து, அங்கே மூடியைத் திருகினாள். "பாருங்க புள்ளைங்களா!" முதல் ஐந்தும் உயிர் பெற்றன. அப்படியானால் பிழை அதற்கு அப்பால். கேபிளை மறுபடி கோர்த்து, மூடியை ஏழாவதற்கு மாற்றினாள். எல்லாம் செத்தன. ஆறுக்கு மாற்றினாள். ஆறும் எழும்பின.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு இது பிடித்திருந்தது, பார்த்தாலே தெரிந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான். அவள் முழங்காலால் நகர்ந்து ஏழாவது மேசைக்குக் கீழே போனாள்.

நடராஜா அவளருகே குனிந்தான். "கமலா," என்றான் மெதுவாக. "விட்டுரு."

அவள் கை நின்றுவிட்டது. இணைப்பை இன்னும் திறக்கவேயில்லை. திறக்காமலே தெரிந்துவிட்டது.

"வெளிய போயிப் பேசிக்குவோம். யாருக்குக் கெடைச்சா என்ன, ஒரே வீட்டுக்குத்தானே வரப்போவுது? கல்யாணத்துக்கப்புறம் நீ எல்கடுவயிலிருந்து டவுனுக்கு அலையணுமா? மாமாவும் அதைத்தான் சொன்னாரு."

மாமா என்று அவன் சொன்னது அவளுடைய அப்பாவை. அப்பாவுக்கும் தெரியுமா? இந்தக் கேபிளை இதே தரையில் இரண்டு பேரும் தவழ்ந்து தவழ்ந்து போட்டவர்கள். எந்த இடத்தில் கை வைத்தால் வெளியே தெரியாது என்று அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

திருகிக் கழற்றினாள். இணைப்பின் நடு ஊசியைச் சுற்றி, நகத்தளவு செலோடேப். அவசரத்தில் சுற்றியதுபோல இல்லை. மடிப்பில்லாமல், ஓரம் ஒட்டி, அவன் எதையும் செய்கிற ஒழுங்கோடு சுற்றியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நகத்தால் உரித்தாள். பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. கேபிளைக் கோர்த்து, மூடியைப் பழையபடி பத்தாவதில் திருகிவிட்டு எழுந்தாள்.

"எல்லாம் வந்திருச்சு டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"கெட்டிக்காரி," என்றார் மாணிக்கவாசகம். "எங்க இருந்தது பிழை?"

நடராஜா அவளையே பார்த்தான். சின்ன வயதில் அவள் அவன் வீட்டுக்குப் போனால் தன் பங்குப் பலகாரத்தையும் அவளுக்குத் தந்துவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை. தூசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆவணி ஆவணியாகவே இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

பெருவிரலை நீட்டினாள்.

"இது உள்ளுக்குள்ள இருந்திச்சு சேர். தானா வராது. வச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யார் வச்சது?"

மூலையில் பிரிண்டர் கரகரத்தது. இவ்வளவு நேரமும் தேங்கிக் கிடந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின; நாலந்தாவிலிருந்து வரும் பிள்ளை எழுதியது, உக்குவளைப் பிள்ளை எழுதியது. ஏந்துவதற்குத் தட்டு இல்லாததால் தரையில் விழுந்து சிதறின. நடராஜா போய்க் குனிந்தான். ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, ஓரத்தைத் தட்டித் தட்டி, அதே ஒழுங்கோடு அடுக்கினான். அடுக்கி முடிப்பதற்குள் அடுத்தது அவன் கைமேல் விழுந்தது.