நாற்பதைத் தாண்டாதவன்

ஸ்ரீராம்புரத்தில் போய் உத்தமன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘நாப்பது’ வீடு என்று கேளுங்கள், சந்துமுனை வரை கூடவே வந்து காட்டுவார்கள். பீன்யாவிலிருந்து ஓசூருக்கு இயந்திரம் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரியின் டிரைவர் அவன். டிரெய்லரின் முதுகில் சிவப்புப் பெயின்டில் ‘இடப்பக்கம் செல்லும் வண்டி, வேகம் 40’ என்று இருக்கும். எல்லா டிரெய்லரிலும்தான் எழுதியிருக்கிறது. எழுதியதை மதித்து ஓட்டியவன் பெங்களூரிலேயே இவன் ஒருத்தன்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

பின்னால் வரும் பஸ்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான். கூட வேலை செய்யும் டிரைவர்கள் வலப்பக்கமாகப் பறந்துகொண்டே, “ஏய் நாப்பது, லாரி ஓட்றியா, தேர் இழுக்கிறியா?” என்று கத்துவார்கள். உத்தமன் இடப்பக்கத்தை விட்டு இம்மி நகரமாட்டான்.

“இருபது டன்னு பின்னாடி வருது குரு. நான் பிரேக் போட்டா எனக்குத் தெரியும். அதுக்கு உடனே தெரியாது” என்பான், எவரையும் ‘குரு’ என்றே கூப்பிடும் பெங்களூர்ப் பேச்சில். அவ்வளவுதான் அவன் வேதாந்தம். இருபத்தொரு வருஷத்தில் அவன் லைசென்ஸில் ஒரு கேஸ் கிடையாது.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், முதலாளி ஸ்ரீகண்டனுக்குப் புதிய கார் ஃபேக்டரி ஒன்றின் காண்ட்ராக்ட் கிடைத்தது. கார்களை டிரெய்லரில் ஏற்றிப்போக ஃபேக்டரிக்காரர்கள் அவர் கொடுக்கும் லிஸ்ட்படி பத்து டிரைவர்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். பி.எஃப். உண்டு, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, ஐந்து வருஷமாக ஒரு கேஸும் இருக்கக்கூடாது.

“சாந்தா, இத்தன வருசம் சிரிச்சானுங்களே, இப்ப சிரிக்கச் சொல்லு பாப்போம்!” என்று உத்தமன் அன்றைக்குத் தன் மனைவி சாந்தகுமாரியிடம் சொன்னான். அவள் கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிறவள். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவளே பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காய்ச்சல். அன்று வண்டியை எடுத்தது தினேஷ், முதலாளியின் மச்சினன். அவன் லைசென்ஸில் டிரெய்லர் ஓட்டும் அனுமதியே ஏறவில்லை. மச்சினனுக்கு அனுமதி எதற்கு? ஓசூர் ரோட்டில் வலப்பக்கம் ஏறி எழுபதில் ஒரு பஸ்ஸை முந்திவிட்டு, படக்கென்று இடப்பக்கம் வெட்டினான். லாரி திரும்பிவிட்டது. டிரெய்லரின் வால் திரும்பி முடிக்கவில்லை. அந்த வால் ஒரு ஸ்கூட்டரை அள்ளித் தள்ளியது. ஓட்டி வந்தவர் காக்ஸ் டவுன் டோரீன் டீச்சர். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தினேஷ் குதித்து ஓடியே போய்விட்டான்.

லாரித் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டினவன் ஓடிவிடுவான். மறுநாள் நல்ல லைசென்ஸ் உள்ள இன்னொருத்தனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், “இவன்தான் ஓட்டினான்” என்று நிறுத்துவார்கள். போலீஸுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஸ்ரீகண்டன் உத்தமன் வீட்டுக்கே வந்தார். வராத மனிதர் வந்து, கொடுத்த டீயையும் குடித்தார்.

“தினேஷ் ஓட்டினான்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்ப்பா. அந்த டீச்சருக்கு ஒண்ணும் வராது. நீ ஓட்டினேன்னா வந்துரும். உன் லைசென்ஸ் சுத்தம், ஜட்ஜ் ஃபைனோட விட்டுடுவாரு.”

“ஃபேக்டரி வேலை சார்?”

“அது என் பொறுப்பு. லிஸ்ட்ல மொத பேரு உன் பேருதான். என் மேல நம்பிக்கை இல்லியா?”

இப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வாய் உத்தமனுக்குக் கிடையாது. அவர் போனதும் சாந்தகுமாரி பிடித்துக்கொண்டாள். “அட கூறுகெட்ட மனுஷா! எவனோ செஞ்சதுக்கு நீ ஏன்யா தலையக் குடுக்கிற?”

“அந்தம்மா கால் போச்சுடி. வைத்தியத்துக்காவது ஒரு வழி ஆவட்டும்” என்றான் உத்தமன்.

கோர்ட்டில் குற்றத்தைப் படித்தார்கள். வலப்பக்கம் ஏறி, எழுபது கிலோமீட்டர் வேகத்தில், அஜாக்கிரதையாக. “ஒப்புக்கொள்கிறாயா?” எழுபதில் அவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. “ஆமாங்க ஐயா” என்றான். ஃபைன் போட்டார்கள். அதோடு ஆறு மாதம் லைசென்ஸும் முடக்கம். முதலாளி சொன்ன கணக்கில் இந்த ஆறு மாதம் இல்லை.

வெளியே வராந்தாவில் டோரீன் டீச்சர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். அன்றைக்கு லாரியின் முதுகைத்தான் பார்த்திருந்தார், டிரைவர் முகத்தை அல்ல.

“உங்க வண்டி பின்னாலயே எழுதியிருக்கே, இடப்பக்கம், நாப்பதுன்னு. கீழ விழுந்து கிடக்கும்போது அதைத்தான் படிச்சிட்டுக் கிடந்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

உத்தமனுக்கு நான் இல்லை அம்மா என்று அந்தக் காலில் விழுந்து கதறலாம் போல இருந்தது. சொன்னால் இன்சூரன்ஸ் போய்விடும். “தப்புதாம்மா” என்றான். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சருக்கு இன்சூரன்ஸ் வந்தது. நடந்ததில் நல்லது அது ஒன்றுதான்.

ஃபேக்டரி லிஸ்ட் ஒட்டினபோது முதல் பெயர் தினேஷ். இதற்குள் அவன் லைசென்ஸில் டிரெய்லர் அனுமதி ஏறிவிட்டிருந்தது, கேஸும் இல்லை. பத்துப் பெயரையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் படித்துவிட்டு உத்தமன் முதலாளி அறைக்குள் போனான். ஸ்ரீகண்டன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நான் என்னப்பா பண்றது? அஞ்சு வருஷம் கேஸ் இருக்கக்கூடாதுன்னு அவங்க ரூல். நீதானே எப்பவும் ரூல்ஸு ரூல்ஸுன்னு சொல்லுவ?”

ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.

ஆறு மாதம் கழிந்தது. குற்றம் செய்த டிரைவர்கள் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். பெஞ்சில் நெருக்கியடித்து இருபது பேர். இன்ஸ்பெக்டர் உத்தமனைக் கைகாட்டி, டிரெய்லர் ரூல் என்ன என்று கேட்டார்.

உத்தமன் எழுந்தான். இடப்பக்கத்தை விட்டு நகரக்கூடாது, நாற்பது தாண்டக்கூடாது, திரும்பும்போது வாலுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும், முன்வண்டிக்கு எவ்வளவு தூரம் என்று கன்னடத்தில் ஒன்றுவிடாமல் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் அவன் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தெரியாமப் பண்ணினாலும் மன்னிக்கலாம். நீ எல்லாம் தெரிஞ்சேதான் அந்தம்மா காலை ஒடிச்சிருக்கே. நாச்சிகெ இல்வா நினகெ?” என்றார். வெட்கமில்லையா என்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஆளுக்கொரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். ‘இனிமேல் இடப்பக்கமே ஓட்டுவேன், நாற்பதைத் தாண்டமாட்டேன்’ என்று உறுதிமொழி. உத்தமன் தாளை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனான்.

“சார், இந்த ‘இனிமேல்’ மட்டும் அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடட்டுமா?”

“அது கவர்ன்மென்ட் ஃபாரம்ப்பா. அடிச்சா செல்லாது. லைசென்ஸ் வேணுமா, வேணாமா?”

உத்தமன் கையெழுத்துப் போட்டான்.