தட்டானுக்குத் தெரியாத உருவம்

"எத்தினி வருஷமா இப்பிடி?" என்று நர்ஸ் லூர்துமேரி கேட்டபோது என் அக்கா பூமாலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிலையும் சுவருக்கே சொன்னாள்.

"கடைசிப் புள்ள பொறந்ததுலேருந்து. அஞ்சு இருக்கும்."

அது முப்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டின் முக்காலி ஒன்றில் அமர்ந்து அந்த எண்ணைக் கேட்டேன். முந்தின நாள் பிரம்மதேசம் கிராமத்தில், வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தூக்கப்போன பெண்கள் சேலையில் இரத்தத்தைப் பார்த்து, மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மலக்குடல் ஆசனவாய் வழியே வெளியே சரிந்து, வீங்கி, உள்ளே திரும்ப மறுத்து நின்றுவிட்டது. இத்தனை காலமும் அவள் குந்தி எழுந்தபோதெல்லாம் அது இறங்கியிருக்கிறது. வரப்பு மறைவில் ஒதுங்கித் துணியால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் நாற்று நட வந்திருக்கிறாள். புருஷன் இறந்துபோனவள்; நான்கு பிள்ளைகள்; கிடைத்த கூலிவேலை எல்லாமே குந்திச் செய்கிற வேலை.

அந்த ஐந்து ஆண்டுகளும் நான் பெண் விடுதலை பேசிக்கொண்டிருந்தேன். விழுப்புரம் தொடங்கி முகையூர் வரை, மேடை போட்ட ஊரிலெல்லாம் பேசினேன். என் கூட்டங்களுக்கு அக்கா நடந்தே வருவாள். பெண்கள் பக்கத்தில் பாய் விரித்திருந்தும் உட்காரமாட்டாள். பின்னால் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தம்பி பேசும்போது உட்காரக் கூடாது என்று நினைக்கிறாள் போலும் என்று நான் பூரித்தேன். ஒருமுறை மேடையிலிருந்தே, "உட்கார்ந்து உறங்கும் தாய்மார்களே, நின்று கேட்கும் என் உடன்பிறந்தாளைப் பாருங்கள்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். உட்கார முடியாத ஒருத்தியைக் காட்டி வாங்கிய கைதட்டல் அது.

இரண்டு நாள் கால்மாட்டை உயர்த்திப் படுக்கவைத்து வீக்கத்தை வடியவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்தார். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று சுருண்டு கிடந்தது.

"அந்த வழியச் சுத்தி, தோலுக்கு அடியில, இதை வளையமா ஓட்டி முறுக்கி விடுவோம். குடல் கீழ எறங்காம அது தாங்கிக்கும். முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துடும், வலி தெரியாது. ஆனா சில பேருக்குக் கம்பி அறுந்துபோறதும் உண்டு. அப்பவும் மறைக்காம எங்கிட்ட வரணும்."

"இன்னா கம்பிம்மா அது?" என்றாள் அக்கா.

"வெள்ளி."

அக்கா சிரித்தாள். சேர்த்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "தட்டானுக்குத் தெரியல. இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு, எப்பிடிச் செய்யறதுன்னு."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை, நகர்ந்துவிட்டார். எனக்கு விளங்கியது. ஏனென்றால் தட்டான் கதை என்னுடையது.

திருவக்கரை அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் கண் நோய்க்கு வெள்ளியில் கண்ணும், கால் நோய்க்கு வெள்ளியில் காலும் செய்து உண்டியலில் போடுவார்கள். ஒரு பெண் கோயில் வாசல் தட்டானிடம் போய், அடி தள்ளுகிற நோய்க்கு ஓர் உருவம் வேண்டுமென்று கேட்டாளாம். "அத எப்பிடிம்மா அடிக்கிறது? அளவு குடு" என்றானாம் தட்டான். நண்பர் சீனுவாசன் எங்கோ கேட்டுவந்து சொன்ன ஒரு வரிதான் அது. நான் அதற்குக் கையும் காலும் வைத்தேன். தட்டானின் முழியை நடித்தேன். அந்தப் பெண்ணின் நெளிவையும் நடித்தேன். சிரிப்பு ஓய எப்போதும் இரண்டு நிமிடமாகும். என் ஓரணாப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் அச்சிலும் ஏற்றினேன். அறியாமையை அடிப்பதாகவே எண்ணியிருந்தேன்.

"அக்கா, அந்தத் தட்டான்கிட்ட போனது..."

"நாந்தான். வேற எவ போவா?"

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அவள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொல்லத்தான் முகையூருக்கு வந்தேன். கூட்டம் முடியட்டும், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடா தம்பின்னு கேக்கலாம்னு நின்னுக்கினு இருந்தேன். அன்னைக்கித்தான் மொத மொதல்ல அந்தக் கதைய எடுத்தே."

முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"சனமெல்லாம் சிரிச்சிது. நானும் சிரிச்சேன், கோதண்டம். சிரிக்காதவ எவன்னு பக்கத்துல இருக்கிறவ பாப்பா இல்ல?"

முகையூர்க் கூட்டம் நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

லூர்துமேரி சம்மதச் சீட்டைக் கொண்டுவந்தாள். வைத்து எழுத எதுவும் இல்லை. என் பையிலிருந்து எட்டிப்பார்த்த ஓரணாப் புத்தகத்தை அவளே உருவி அடியில் கொடுத்தாள். கோதண்டபாணி என்று எழுதினேன். அந்தச் சீட்டுக்கு அடியில்தான் ஏழாம் பக்கம் இருந்தது.

வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே கிண்ணத்தில் ஏதோ இரும்பு விழும் ஒலி கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். அரை மணியில் கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சிது. போய்ப் பாருங்க, தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க" என்றாள் லூர்துமேரி. மயக்கமில்லாமல் கண்விழித்தே படுத்திருந்த அக்கா, "காலு ரெண்டும் யாரோடதோ மாதிரி கெடக்குது" என்றாள்.

அதன்பின் கஞ்சியும் விளக்கெண்ணெயும்தான். முக்கக் கூடாது, குந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பத்தாம் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், ஒருக்களித்து அல்ல, நேராக. அன்று மாலை எனக்கு விழுப்புரத்தில் கூட்டம்.

"இனிமே அந்தக் கதைய எடுக்கமாட்டேன்க்கா" என்றேன். பெரிய தியாகம் செய்கிறவன்போல் நின்றேன் என்பது இப்போது தெரிகிறது.

"எடுக்காம வுட்டா ஆச்சா? அது ஊர் ஊராப் போயிடுச்சி. எம் புள்ளையே சொல்லிக்கினு திரியுது, யாரப் பத்தின்னு தெரியாம." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லு. முடிவயும் சேத்துச் சொல்லு. எம் பேரு மட்டும் வேணாம்."

விழுப்புரத்தில் பொழுது சாயும்போது மேடை ஏறினேன். தலைமை தாங்கிய சீனுவாசன், "தட்டான் கதை இல்லாம இன்னைக்கி இவர வுடப்போறதில்ல" என்றார். கூட்டம் ஆரவாரித்தது.

"திருவக்கரைக்கு ஓர் அம்மா போனார்" என்று தொடங்கினேன்.

அதற்கே சிரித்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் இடுப்பை நெளிப்பேன். அன்று கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டேன். "தட்டான் அளவு கேட்டான். அந்த அம்மா பதில் சொல்லாமல் திரும்பிவிட்டார்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் நிதானத்தைப் புதிய நடிப்பென்று நினைத்திருக்க வேண்டும். "அது நோய். திண்டிவனத்தில் அதற்கு மருத்துவம் இருக்கிறது. அந்த அம்மா உதவி கேட்க வந்த இடத்தில், நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

முன்வரிசை முதலில் அடங்கியது. பிறகு நடு. பழக்கத்தில் எங்கோ ஒருவன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், அவனும் நிறுத்திக்கொண்டான். சீனுவாசன் என் முகத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில், சிரிப்பை மறைக்க வாயில் பொத்திய முந்தானைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பின்னால், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். யாரென்று எனக்குத் தெரியாது. முப்பது வயது இருக்கும். அவள் முந்தானை மட்டும் வாயைவிட்டு இறங்கவில்லை. அவளுக்கு முன்னால் விரித்திருந்த பாயில் பாதி இடம் காலியாகக் கிடந்தது.