வலப்பக்கம் பார்க்கிற முகம்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் 'அட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்த வாரப் பத்திரிகையின் அட்டையை வடிவமைக்கிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அவனுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யாராவது ஒரு படத்தை நீட்டினால் போதும், சட்டம் பேச ஆரம்பித்துவிடுவான். கண்கள் மேல் பாதியில் இருக்கவேண்டும். ஏழு வார்த்தைக்கு மேல் போட்டால் கடையில் ஒருத்தனும் நின்று படிக்கமாட்டான். முகம் வலப்பக்கம், புரட்டுகிற ஓரத்தைப் பார்க்கவேண்டும். படத்தில் இருப்பவர் தப்பான பக்கம் பார்த்தால் கணினியில் ஒரு தட்டு, முகம் திரும்பிவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

அவனுடைய அப்பாவுக்குச் சில மாதங்களாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம் பார்த்து, செருப்புகூடப் போடாமல் வெளியே போனவர் திரும்பவில்லை. காவல் நிலையம், மருத்துவமனை என்று பத்து நாள் அம்மாவும் பிள்ளையும் நாயாய் அலைந்தார்கள். பதினோராம் நாள் ஆசிரியர் அவனைக் கூப்பிட்டார்.

"அட்டையில அப்பா படத்தைப் போடுப்பா. மறதியால காணாமப் போறவங்களைப் பத்தி உள்ள ஒரு கட்டுரை வெச்சுக்கலாம்."

அவன் அங்கேயே அழுதுவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான். அப்படி ஓர் அட்டையை அவன் ஜென்மத்தில் செய்ததில்லை. பத்திரிகையின் பேரை, நெற்றியை மறைக்காமல், அப்பாவின் தலைக்குப் பின்னால் தள்ளினான். பார்கோடு சட்டைக் காலரைத் தொடாமல் மூலைக்குப் போனது. 'இவரைப் பார்த்தால் உடனே அழையுங்கள்' என்று நாலே வார்த்தை, கீழே அவனுடைய எண். அச்சாகி வந்த முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தான். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அலமாரியில் நிறுத்திவைத்தாள்.

அழைப்புகளுக்குக் குறைவில்லை. பாதிப் பேர் வேலைவெட்டி இல்லாதவர்கள், மீதிப் பேர் ஆறுதல் சொல்கிறவர்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண் அழைத்தாள். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவள்.

"சார், அந்தப் பெரியவரை நான் பாத்தேன் சார். ரெண்டு நாள் எங்க பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. கால்ல செருப்பு இல்ல. உங்க புக்கை அவர் முகத்துக்குப் பக்கத்துலயே வெச்சுப் பாத்தேன்."

"அப்பவே ஏம்மா கூப்பிடல?"

"எல்லாம் ஒத்துப்போச்சு சார். மச்சம்தான் இடிச்சுது. புக்குல வலது கன்னத்துல இருக்கு, அவருக்கு இடது கன்னத்துல. வேற யாரோன்னு விட்டுட்டேன். இந்த வாரம் உள்ள சின்னதா ஒரு படம் போட்டிருக்கீங்களே, அதுல இடது பக்கம் இருக்கு. பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஏதோ பஸ்ல ஏறிப் போயிட்டாரு சார். பத்து நாள் ஆச்சு."

உள்பக்கங்களைச் செய்கிறவர் புதிதாக வந்தவர். அவருக்குச் சட்டமெல்லாம் தெரியாது. கொடுத்த படத்தைக் கொடுத்தபடியே போட்டிருந்தார். இவனோ அப்பாவின் முகத்தைத் தன் கையாலேயே திருப்பியிருந்தான். யோசித்துச் செய்ததுகூட இல்லை, பழக்கதோஷம். வயிற்றில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது.

அன்று பகல் முழுக்க அந்தப் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர், நடத்துநர் ஒருவர் விடாமல் கெஞ்சிக் கேட்டான். யாருக்கும் நினைவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"அம்மா, தப்பு என் மேலதான். படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன், மச்சம் பக்கம் மாறிடுச்சு. அதனாலதான் அந்தம்மா அவரை விட்டுட்டாங்க. அப்பா முகத்தையா பாத்தேன், சட்டத்தைத்தானே பாத்தேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"எனக்கு அன்னைக்கே உறுத்துச்சுடா," என்றாள் அம்மா.

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"மச்சம் இடது பக்கம்தானேன்னு தோணுச்சு. நாப்பத்தாறு வருஷமாப் பாத்த முகம். ஆனா இதே வேலையா இருக்கறவன் நீ, தப்பாவா போடுவே? அப்போ எனக்குத்தான் குழம்புதுன்னு நெனச்சேன். உங்கப்பாவுக்கும் இப்படித்தானேடா ஆரம்பிச்சுது. ஏற்கெனவே ஒருத்தரைத் தேடி அலையறே, நானும் உனக்குப் பாரமாயிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."