மூன்று தட்டுச் சீலா

பல்கலைக்கழக விடுதிக்கு வருடம் முழுக்க மீன் தரப்போவது யார் என்று அன்று முடிவாக வேண்டும். மூன்று வியாபாரிகள் கொடுத்த மாதிரிச் சீலா மீன் துண்டுகள் மூன்று தட்டுகளில் மேசைமேல் இருந்தன. கொள்முதல் குழுவில் கலைச்செல்விதான் இளையவள், தற்காலிக உதவியாளர். அவள் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அடுத்த வாரம் எழுதப்போகிறவர், எதிரே உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் செல்லச்சாமி.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள், மறுபடி உட்கார்ந்தாள். கண் தட்டுகளையே சுற்றியது.

"கையெழுத்தப் போடு தாயி. வழக்கம்போல மாதிரியக் குழம்பு வச்சுத் தின்னுட்டுக் கலைவோம்," என்றார் செல்லச்சாமி. "மூணும் நல்ல சீலா. யோகேஸ்வரன் வெலதான் கம்மி."

அக்காள்மடம் கடற்கரையில் மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முதல் தட்டின் தலைத்துண்டை எடுத்து இரண்டாம் தட்டின் நடுத்துண்டோடு சேர்த்தாள். அதன் பின்னால் மூன்றாம் தட்டின் வால். வெட்டு வெட்டோடு ஒட்டியது. மேசைமேல் ஒரு முழுச் சீலா படுத்திருந்தது.

"கடல்ல எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்," என்று வாசலில் நின்ற வியாபாரி யோகேஸ்வரன் சிரித்தான்.

"ஏண்ணே, மூணு பேரு பேருல வெலையக் குடுத்திய. மூணு மீனு வாங்க மனசு வரலையா?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

செல்லச்சாமி குரலைத் தாழ்த்தினார். "ஏத்தா, விடுதிக்கு நாங்களும் மீனு தாரோம்னு வந்து, பஸ்ஸுல கொண்டாந்துச்சுன்னு திருப்பி அனுப்புனோமே, அந்தப் பொம்பளைக குழுவுல ஒஞ் சின்னம்மாவும் உண்டுல்ல? அதுக்குத்தான இந்த ஆட்டம்?"

சுருக்கென்றது. சின்னம்மா இருப்பது உண்மை. பேனாவை எடுத்து, ஒப்புதல் தாளில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினாள்: 'மூன்று மாதிரியும் ஒரே மீன். மறுபடி எல்லோரையும் அழைக்க வேண்டும். மீன் தர வாய்ப்புக் கேட்டவர்களில் என் சின்னம்மாவும் இருப்பதால் அப்போது நான் குழுவில் இருக்கக் கூடாது.'

"கூறுகெட்டவளே! அடுத்த வாரம் ஒனக்கும் வேலை இல்ல, ஒஞ் சின்னம்மாவுக்கும் வியாவாரம் இல்ல."

"இல்லாட்டிப் போகுது. இவரு மட்டும் மூணு ஆளா வந்து நிப்பாரோ?"

துண்டுகளை ஒரே தட்டில் அள்ளினாள். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியிலிருந்த பதிவாளர் அறைக்குப் படியேறினாள்.

"ஏ தங்கச்சி, நில்லு, பேசிக்கிருவோம்!" என்று யோகேஸ்வரன் பின்னால் ஓடிவந்தான். தட்டிலிருந்த ஐஸ் தண்ணீர் அவள் முழங்கை வழியே ஒழுகியது. துடைக்கக்கூட அவள் நிற்கவில்லை.