வருகை: பதினொன்று

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு சிங்களத் தட்டச்சு இயந்திரத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். 1999 மாசியில், இரத்தினபுரிப் பக்கத்துக் கல்வி அலுவலகம் ஒன்றில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூடுபனி விலகாத மலைப்பாதையில் ஒரு ஜீப்

அந்த வரியை அடித்துவிட்டேன். பனியைப் போர்த்திக்கொண்டு ஒளியப் பார்க்கிறேன், வேறொன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் இரண்டு தமிழ்மொழிப் பள்ளிக்கூடங்கள் வகுப்பறை கேட்டிருந்தன. ஒதுக்கீடு ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் இருந்தது. டவுன் பள்ளிக்கா, றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கா? வரவுப் பதியும் இடாப்பில் எல்லோரும் பேரைக் கூட்டிப் போடுவார்கள் என்பதால், அதிகாரி சொல்லாமல் போய்ப் பிள்ளைகளின் தலையை எண்ணி வர வேண்டும் என்று விதி. தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கட்டடம் கிடைத்தால் ஆறாம் வகுப்பு தொடங்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த தமிழ்ப் பள்ளிக்கு ஏழு மைல்.

2.

எண்ணப் போனவர் நுஹ்மான் சேர், திட்டமிடல் அதிகாரி. (இவரை வில்லனாக்க இரண்டு தடவை முயன்றேன். டவுன் பள்ளியில் அவருடைய தங்கச்சி பிள்ளைகள் படிப்பதாகக்கூட எழுதிப் பார்த்தேன். மனுஷனுக்குத் தங்கச்சியே கிடையாது.)

எழுபத்துநான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். நுஹ்மான் மனம் கேட்காமல் மறுபடியும் எண்ணினார். அதே பதினொன்று. முன்வாங்கில் ஐந்தாம் வகுப்புத் துஷ்யந்தி, கன்னத்தில் பாதி கலைந்த நீலச் சாயத்தோடு தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை பிரேமலதா அவளை எழுப்பவில்லை.

"இன்னைக்கு எண்ணாதீங்க சேர். காலையிலதான் காமனை எரிச்சாங்க. புள்ளைங்க பூராவும் கூத்துல கண்ணு முழிச்சிட்டு லயத்துல தூங்குதுங்க. இன்னொரு நாளு வாங்க, எழுபத்திநாலு பேரையும் காட்டுறேன்."

நுஹ்மானுக்கு அது சாக்காகவும் பட்டது, உண்மையாகவும் பட்டது. சிவன் மன்மதனை எரித்த கதையைத் தோட்டத்தில் விடிய விடிய ஆடும் காமன் கூத்தை அவர் கண்டதில்லை. அந்த மாதத்து ஜீப் டீசலும் இந்தப் பயணத்தோடு சரி. திரும்பும் வழியெல்லாம் அந்த நீலக் கன்னம் அவரை உறுத்தியதாம். பிறகு என்னிடம் சொன்னார்.

3.

அறிக்கையை என் மேசையில் வைத்தவர் கையெழுத்து வைக்காமல் நின்றார்.

"தம்பி, காமன் எரிச்ச அன்னைக்குப் புள்ளைகள் பள்ளிக்கூடம் வராதாம். மெய்யா? மெய்யின்டா அடுத்த கிழமை நான் பஸ்ல போய் எண்ணிட்டு வாறன்."

அலுவலகத்தில் அவரைத் தவிர ஒழுங்காகத் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

(*அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டு நழுவலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. ஊரைக் கேட்டால் டவுன் என்பேன். சிங்களம் தண்ணி பட்ட பாடு. அப்பா பார்க்க வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே பேசி அனுப்பிவிடுவேன். பன்னிரண்டு வயதில் அதே காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டி ஆடியவன் நான். மறுநாள் உச்சி வெயில் வரும்வரை தூங்கியவன்.)

பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் தமிழ் புரியும்.

"எனக்குத் தெரியாது சேர். தோட்டத்து வழக்கமெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்ல."

நுஹ்மான் கையெழுத்து வைத்தார். நான் தட்டினேன். வருகை: பதினொன்று. கட்டடம் டவுனுக்குப் போனது. இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது.

4.

முடிவுகள்.

முதலாவது: நான் "மெய்தான் சேர்" என்கிறேன். நுஹ்மான் பஸ் ஏறுகிறார். இது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடக்கவில்லை.

இரண்டாவது: துஷ்யந்தி ஏழு மைல் நடந்து படித்து, அதே பள்ளிக்கே டீச்சராக

இதையும் நிறுத்திவிட்டேன். அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடமாக அந்தத் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு நாள்கூட இறங்கிக் கேட்டதில்லை.

மூன்றாவது நடந்தது. போன மாதம் எம்பிலிப்பிட்டியச் சந்தையில் நுஹ்மான் சேரைக் கண்டேன். பென்சனில் போய்விட்டார், தாடி நரைத்துவிட்டது. அந்தப் பதினொன்று இன்னும் மனதில் கிடக்கிறது என்றார். அந்த டீச்சரை நம்பியிருக்கலாம், நான்தான் பாவம் செய்துவிட்டேன் என்றார். என் பாவத்தை அந்த மனுஷன் பத்து வருடமாகச் சுமந்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்:

"ஒரே ஆபீஸ்ல இத்தனை வருஷம் இருந்தோம், கேக்கவே இல்ல பாருங்க. உங்களுக்கு ஊரு எது தம்பி?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள், என்னைத் தெரியும் உங்களுக்கு. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். டவுன் என்று எழுதினால் நான் மறுக்கப்போவதில்லை.

ஊர்: ........................