பெரிய வெள்ளிச் சத்தம்

ரெகுலா கைப்பிடியை விட்டுவிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

தட். தட். தட்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் தொடங்கி சனி இரவு வரை, இயேசுவின் சாவுக்குத் துக்கமாக, இந்த ஸ்விட்சர்லாந்து மலைக்கிராமத்தில் வெண்கல மணி வாய் திறக்காது. அதற்குப் பதில் மாதாகோயில் கோபுரத்தில் ஒரு தட்டுப்பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் மரச் சுத்தியல்கள் பலகையில் அடிக்கும். அது மணியடிக்கும் கோயில்பிள்ளையான அப்பா மெல்கியோரின் வேலை. இந்த வருஷம் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் முதன்முறையாக அவள் ஏறியிருந்தாள்.

சுத்தியல்கள் அசையவில்லை. சத்தம் ஆணியடித்து மூடிய பின்னறையிலிருந்து வந்தது. தரை உளுத்துப்போச்சு, கிட்டப் போகாதே என்று அப்பா ஆயுசு முழுக்கச் சொன்ன அறை.

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து நெம்பினாள்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இந்தக் கோயிலுக்குக் கூரை போட்டவர்கள், எல்லை தாண்டி வந்து ஆயுதத்தை ஒப்படைத்து, இங்கே காவலில் இருந்த போலந்துச் சிப்பாய்கள். வாசல் கல்லில் முப்பத்தொரு பெயர்கள். முப்பத்திரண்டாவதான காஸிமிர் பெயர் கிடையாது. ஓடிப்போனவனுக்குக் கல்லில் என்ன இடம் என்று ஊர் விட்டுவிட்டது. அவன்தான் ரெகுலாவைப் பெற்றவன். வயிற்றுப்பிள்ளையோடு நின்ற அம்மா அக்னெஸை மெல்கியோர் கட்டிக்கொண்டார். "போலந்துக்காரன் போட்டுட்டுப் போனது" என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஏச்சு அவளுக்கு இன்றும் எரியும். ஏன் விட்டுப்போனான்? அது ஒன்றுதான் அவள் கேள்வி. பதில் சொல்லாமலே அம்மா போன மாதம் கண்ணை மூடிவிட்டாள்.

கடைசி ஆணி பிடுங்கிக்கொண்டது. சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே ஒரு ராணுவக் கோட்டு. கோட்டுக்குள் எலும்பு. கதவின் உள்பக்கம் முழுக்க பூட்ஸ் குதிகால் பட்ட பள்ளங்கள். சுவரோரம், ஒருநாளும் போடாத பெண்கள் மலைச்செருப்பு ஒரு ஜோடி.

ஓடிப்போகவில்லை. காத்திருந்திருக்கிறான்.

படியில் காலை இழுத்து இழுத்து மெல்கியோர் வந்து நின்றார். செருப்பையே பார்த்தார்.

"சனிக்கிழமை ராத்திரி உங்கம்மாவக் கூட்டிட்டு மலை தாண்டுறதா இருந்தான். பெரிய வியாழன் அன்னிக்கு நான்தான் இங்க ஒளிச்சு வச்சேன். வெளித்தாழ்ப்பாளும் நான்தான் போட்டேன்."

"தட்டியிருப்பாரேப்பா?"

"தட்டினான். பனி கொட்டின மூணு நாளும். தட்டுப்பெட்டின்னு நெனச்சு ஊரே சிலுவை போட்டுக்கிச்சு."

"நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை காலையிலயே இது உடைஞ்சு போச்சும்மா. யாருக்கும் சொல்லல. அந்த மூணு நாளும் இது என் பட்டறையிலதான் கிடந்துச்சு."