மாமனார் நின்ற வாட்டம்

மாமனார் தஸ்நேவிஸ் பீரங்கியாக மாறியதில் கயித்தானுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வயதானவர்கள் ஏதாவது ஒன்றாக மாறத்தான் செய்வார்கள். அவர் சின்ன மருமகன் டமியானின் வீட்டைப் பார்த்து நின்றாரே, அதுதான் வருத்தம்.

குடும்பம் முழுவதும் ஒரு பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தில் குடியிருந்தது. கடலுக்கு மாற்றல் உத்தரவு வந்து அது வேறு ஊருக்குப் போய்விட்டது. கப்பலை யாரும் கூப்பிடவில்லை. அது உப்பளங்களுக்கு நடுவே அப்படியே நின்றது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் ஏணி வைத்து ஏறி, ஆளுக்கொரு இடம் பிடித்து, தகரம் போட்டு வீடு கட்டிக்கொண்டார்கள்.

இடம் பிடித்த அன்று கயித்தான் முந்திக்கொண்டான். மூத்த மருமகன் என்ற முறையில் தளத்தின் நட்டநடுவில் கட்டினான். டமியானுக்கு மிஞ்சியது இடது ஓரம், கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில். இரண்டு வீட்டுக்கும் இடையில் மாமனார் கட்டில் போட்டுக்கொண்டார். கட்டிலில் படுத்தபடியேதான் பீரங்கியானார். கட்டில் கால்கள் சக்கரங்களாயின. மகள்கள் இருவரும் இரும்பைத் துடைத்து எண்ணெய் போட்டார்கள்.

தளம் மட்டமாக இல்லை என்பது பால் காய்ச்சிய அன்றே தெரிந்தது. நடுவில் மாட்டின் முதுகு போல உயர்ந்து, இரண்டு ஓரங்களுக்கும் வாட்டமாகச் சரிந்து இறங்கியது. கயித்தான் வீட்டில் பொங்கிய பால் டமியான் வீட்டுக்கு ஓடியது.

அதன் பிறகு எல்லாமே அந்தப் பக்கம்தான் போயின. அவன் மனைவி பெர்பெத்துவின் கையிலிருந்து நழுவிய வெங்காயம் போனது. நூல்கண்டு போனது. கயித்தானைப் பார்க்கவென்றே கிளம்பி வரும் விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். செருப்பு மெல்ல நகரும். அதைப் பிடிக்கப் போவார்கள். சாப்பாடு டமியான் வீட்டில் நடக்கும்.

டமியான் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பான். துடைத்துக் கொடுப்பான்.

"அண்ணே, ஒங்க வெங்காயம்."

"வச்சுக்கோ."

"எங்களுக்கு இருக்குண்ணே. நேத்து உருண்டது."

அவன் நல்லவன். கயித்தானால் பொறுக்க முடியாதது அதுதான். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமனார் வெடிப்பார். ஒரு வாரம் ஒரு டப்பா மக்ரூன் இனிப்பை வெடித்தார். ஒரு வாரம் கரை வைத்த வேட்டி. ஒரு வாரம் தன் கைக்கடிகாரம். எல்லாம் டமியான் வாசலில் விழுந்தன. ஒரு வாரம் குழலுக்குள் பொருள் ஒன்றும் இல்லை. வெறும் ஆசீர்வாதத்தை வெடித்தார். அது டமியானின் கூரையில் விழுந்து ஒரு ஓட்டை போட்டது. டமியான் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

அந்த வாரம் டமியானின் மனைவி செசிலி அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கயித்தான் போனான். ஓட்டை வழியாக வெயில் வட்டமாக இறங்கி டமியானின் சோற்றில் விழுந்தது. சீலா மீன் குழம்பு தங்கம் மாதிரி மினுங்கியது. கயித்தானின் தட்டு இருட்டில் இருந்தது. அவன் தட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தான். வெயில் நகரவில்லை. பெர்பெத்து டமியான் சொன்ன எதற்கோ சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து தன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஓட்டையே இல்லாமல் அசிங்கமாக இருந்தது.

"ஒங்கப்பா என்னய ஒருநாளாவது குறி பாத்திருக்காகளா?" என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றாள் பெர்பெத்து.

"ஒரு மரியாதைக்கு."

"வெடிச்சா செத்துப் போவீக."

"டமியான் சாவலயே."

"அவரு குனிஞ்சுக்கிடுதாரு."

"எனக்குக் குனியத் தெரியாதா?"

பெர்பெத்து கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். அவளுக்குத் தெரிந்தவரை அவனுக்குக் குனியத் தெரியாது.

மறுநாள் காலையில் கயித்தான் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பீரங்கியின் வாய்க்கு நேராகப் போய் நின்றான். குழலுக்குள் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு அவனைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.

"நாந்தான் மாமா. கயித்தான்."

"கொஞ்சம் தள்ளி நில்லு மருமவனே. மறைக்குது."

கயித்தான் தள்ளி நின்றான். அங்கிருந்து நேரே ஏணி இறங்கி, கப்பலின் வயிற்றிலிருந்த, தளத்தின் மேடுபள்ளத்தைக் கவனிக்கும் மட்ட அலுவலகத்துக்குப் போனான்.

அலுவலகத்துக்குப் போகும் நடை அன்றைக்கு நீளமாக இருந்தது. டமியானை நினைத்தால் இன்னும் நீண்டது. அதனால் அவன் மீன் விலையை நினைத்துக்கொண்டு நடந்தான். நடை கொஞ்சம் சுருங்கியது. டமியானுக்கு மீன்காரர்கள் விலையைக் குறைத்துக் கொடுப்பது ஞாபகத்துக்கு வந்தது. நடை மறுபடி நீண்டது. போய்ச் சேர்ந்தபோது பசித்தது.

உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு ரசமட்டம் இருந்தது, கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக்குள் குமிழி ஓடும், அது. குழந்தையைத் தட்டுவதுபோல அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்?"

"தளத்த மட்டம் பண்ணணும்."

"வாட்டம் எதுக்கு விட்டிருக்குன்னு தெரியுமா?"

"மழத்தண்ணி ஓட."

"அலை ஏறி வந்தாலும் ஓடணும்."

"கடல்தான் போயிட்டே."

"அது திரும்ப மாத்தல் வாங்கிட்டு வந்தா?"

"வரட்டும். அப்பப் பாத்துக்கிடலாம்."

"ரெண்டாவது காரணம் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுக் கேக்கீகளா, கேட்டுட்டுத் தெரிஞ்சுக்கிடுதீகளா?"

"கேட்டுட்டு."

அவள் எழுந்து வந்து ரசமட்டத்தை அவன் நெஞ்சில் வைத்தாள். குமிழி இடது பக்கம் ஓடி, கண்ணாடியின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நியாயத்துக்குக் கேக்கீகளா, பொறாமைக்குக் கேக்கீகளா?"

"நியாயத்துக்கு."

"நியாயத்துக்கு ஆள் கெடையாது. எல்லாரும் ரிட்டயர் ஆயிட்டாக. பொறாமைன்னா இன்னைக்கே அனுப்புதேன்."

கயித்தான் யோசித்தான். குமிழி அசையவில்லை.

"அப்பப் பொறாமைன்னே வச்சுக்கிடுங்க" என்றான். அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

சாயங்காலமே ஆட்கள் வந்தார்கள். படகு அளவு இஸ்திரிப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வீடுகளைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பெருக்கும்போது காலைத் தூக்குவதுபோல எல்லோரும் அவரவர் வீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பீரங்கியை நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். தளத்தின் மேடு புகைந்து, முனகி, படிந்தது. ஆட்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கயித்தான் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தான். அது அங்கேயே இருந்தது. விரலால் லேசாகத் தள்ளினான். கொஞ்சம் போய் நின்றது. அவனுக்குக் கண் கலங்கியது. அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எலுமிச்சம்பழத்தப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கீக?" என்றாள் பெர்பெத்து.

"போகவே மாட்டேங்குது பாரு."

"அது எங்க போவும், பாவம்."

வாரக் கடைசியில் மழை பிடித்தது. தண்ணீர் எங்கும் போகவில்லை. எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு ஏறியது, பிறகு கெண்டைக்காலுக்கு ஏறியது. ஆட்கள் அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்தார்கள். யாரும் கயித்தானைத் திட்டவில்லை. அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கயித்தான் ஒரு குச்சியை எடுத்துத் தன் வீட்டுத் தண்ணீரை அளந்தான். டமியான் வீட்டுக்குப் போய் அங்கேயும் அளந்தான். ஒரே அளவு. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அப்பா இன்னைக்கு வெடிப்பாக" என்றாள் பெர்பெத்து. அவள் முகம் வெளுத்திருந்தது.

"வெடிக்கட்டும். இப்பத்தான் மட்டமாயிட்டே. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா விழும்."

"விழுறதச் சொல்லல நான்."

கயித்தான் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெடிச்சத்தம் கேட்கும்போது அவன் எப்போதும் அப்படித்தான் செய்வான். எங்கே விழுந்தது என்று பிற்பாடு கேட்டுக்கொள்வான்.

சத்தம் வந்தது. அதற்குப் பின்னாலேயே மாமனாரும் வந்தார். கதவை உடைத்துக்கொண்டு, பின்பக்கமாக, வேகமாக வந்தார். துணி காயப்போட்டிருந்த கொடியை இழுத்துக்கொண்டு, அடுக்களையைத் தாண்டி, மறுபக்கத்துத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை மாதிரி எழும்பியது. வலது ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கம்பி. கம்பிக்கு அப்பால், வெகு கீழே, உப்பளம்.

உடைந்த கதவு வழியாகப் பெர்பெத்து ஓடி வந்தாள்.

"வெடிச்சா பின்னால ஒதைக்கும். தெரியாதா ஒங்களுக்கு? அதுக்குத்தான அந்த மேடு. ஏறி வரயில வேகம் செத்துரும். வாராவாரம் நம்ம வாசப்படி வரைக்கும் வருவாக. லேசா இடிச்சு நிப்பாக. கொஞ்சநேரம் சாஞ்சுக்கிட்டு இருப்பாக. பெறவுதான் எறங்கிப் போவாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க விழுந்துச்சுன்னு மட்டுந்தான கேப்பீக. எங்க சாஞ்சாகன்னு என்னைக்குக் கேட்டீக?"

கயித்தான் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கப்பாவ நிறுத்திட்டு வாங்க. நிறுத்தாம இந்த வீட்டுக்குள்ள வராதீக."

அவன் ஓடினான். தளம் மட்டமாகிவிட்டதால் அதற்கு முடிவும் சரியாகத் தெரியவில்லை. அவன் ஓட ஓட அதுவும் ஓடியது. பீரங்கி முன்னால் சின்னதாகத் தெரிந்தது. மூச்சு வாங்கியது. நின்றுவிடலாம் என்று நினைத்தான். டமியானாக இருந்தால் இந்நேரம் பிடித்திருப்பான் என்ற எண்ணம் வந்தது. கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. டமியான் அலட்டிக்கொள்ளாமல் பிடித்திருப்பான், துடைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பான் என்று நினைத்தான். பீரங்கியைத் தாண்டிவிட்டான்.

கம்பிக்கும் பீரங்கிக்கும் நடுவில் புகுந்து, திரும்பி, முதுகைக் கொடுத்தான்.

இரும்பு வந்து இடித்தது. அவன் குதிகால்கள் பலகையை உழுதுகொண்டு போயின. நெஞ்சு கம்பியில் முட்டியது. கம்பி வளைந்தது. அவன் குனிந்தான். வாழ்க்கையில் முதன்முதலாக நன்றாகக் குனிந்து, முழங்காலை மடக்கி, பாரத்தை முதுகில் வாங்கிக்கொண்டான். எல்லாம் நின்றது.

கம்பிக்கு அப்பால் கடல் இல்லாத வெளி வெள்ளையாகக் கிடந்தது. தொலைவில், முன்பக்கத்திலிருந்து, குழல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"யாரு பின்னால?"

"நாந்தான் மாமா. கயித்தான்."

"வாசப்படி இல்லியா?"

"இல்ல மாமா. நாந்தான்."

இரும்பு இன்னும் கொஞ்சம் சாய்ந்து பார்த்தது.

"வாசப்படியவிட நல்லாருக்கு" என்றார் மாமனார்.

வெடித்த சூடு இன்னும் இருந்தது. அது சட்டை வழியாக அவன் முதுகில் இறங்கியது. பெர்பெத்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். விலகினால் அடுத்த வெடியில் மறுபடி உருளுவார் என்பதால் கயித்தான் விலகவில்லை. அவள் அங்கேயே சோறு கொண்டுவந்து ஊட்டினாள். பிறகு வீட்டையும் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

அப்படியே வாரங்கள் போயின. மாமனார் வெடிப்பார். கயித்தான் தாங்குவான். எங்கே விழுந்தது என்று கேட்கமாட்டான். திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் அவன் இருந்தான்.

ஒருநாள் டமியான் தண்ணீரில் நடந்து வந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான்.

"அண்ணே."

"என்ன?"

"எனக்கு மாமாவ முன்பக்கந்தான் தெரியும். அந்த வாயி மட்டுந்தான் பாத்திருக்கேன். கறுப்பா இருக்கும். சத்தம் வந்ததும் குனியணும். ராவும் பகலும் அது என்னயவே பாத்துக்கிட்டு இருக்கும்." அவன் தயங்கினான். "பொறத்தால எப்பிடிண்ணே இருக்கும்?"

"சூடா இருக்கும்."

"நான் ஒருக்க சாஞ்சு பாக்கட்டா?"

கயித்தான் யோசித்தான். டமியான் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவனும் மருமகன்தான். ஒரு நிமிடம் இடம் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

"முடியாது" என்றான்.

"சரிண்ணே" என்றான் டமியான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போகத் திரும்பினான். எந்தப் பக்கமும் சரிவு இல்லாததால் வீடு எந்தப் பக்கம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் நின்றான். பிறகு ஏதோ ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தான். தண்ணீர் அவன் கால்களுக்குச் சத்தமில்லாமல் வழிவிட்டது.

கயித்தான் கழுத்தை முடிந்தவரை திருப்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டமியான் போன நடை அழகாக இருந்தது. தனக்கு அப்படி நடக்க வராது என்று அவனுக்குப் பட்டது. வயிறு எரிந்தது. முதுகில் மாமனார் லேசாக அசைந்தார். அவன் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டான்.